தாய்ப்பாலில் ஏன் தூள் கலக்கிறார்கள்? மிகக் குறைமாதக் குழந்தைக்குத் தேவைப்படும் புரதம்

28 வாரத்தில் 1,050 கிராம் எடையுடன் பிறந்த உங்கள் மகள், மூன்று வாரம் கழிந்த நிலையில் இப்போது 1,200 கிராம் இருக்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை டியூப் வழியாகத் தாய்ப்பால் போகிறது. அதில் ஃபோர்டிஃபையர் என்ற தூளைக் கலக்கிறார்கள். எடை போதிய அளவு ஏறவில்லை என்பதால் தனியாகப் புரதமும் சேர்க்கலாமா என்று மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். தாய்ப்பாலில் என்ன குறை, புரதம் கூடினால் சிறுநீரகம் தாங்குமா, எவ்வளவு கொடுத்தால் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமான பதில் இதுதான்: உங்கள் மனைவியின் பாலில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையின் தேவை அந்தப் பால் மட்டும் தரக்கூடிய அளவைவிட மிக அதிகம், புரதம் சேர்ப்பது அவசியம், ஆனால் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் புரத அளவும் குழந்தையின் வயிற்றுக்குள் உண்மையில் போகும் புரத அளவும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் முக்கியமான வேலை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சேர்ப்பது தீர்வாகாது.

முதலில் தேவை ஏன் இவ்வளவு அதிகம் என்று பார்ப்போம். கருப்பையில் ஏழாம், எட்டாம் மாதங்களில் இருக்கும் சிசு, தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் வரை வளர்கிறது. அந்த வளர்ச்சிக்குள் 2 முதல் 2.5 கிராம் வரை புரதம் உடலில் புதிதாகச் சேர்கிறது. நஞ்சுக்கொடி அமினோ அமிலங்களைத் தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலான செறிவில் சிசுவின் ரத்தத்துக்குள் ஏற்றிவிடுகிறது. சிசு அவற்றைத் திசு கட்டவும் பயன்படுத்துகிறது, எரிபொருளாகவும் பயன்படுத்துகிறது. தொப்புள்கொடியை வெட்டிய கணத்தில் இந்த வரத்து நின்றுபோகிறது. வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், குழந்தை தன் தசையையே கரைத்து நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதத்தை இழக்கிறது. உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் நாளுக்கு 1 முதல் 2 சதவீதம் இப்படிப் போய்விடும். ஆகவே இழப்பை ஈடுகட்ட ஒரு பங்கு, கருப்பையில் நடந்திருக்க வேண்டிய வளர்ச்சிக்கு இரண்டு பங்குக்கு மேல், செரிமானத்திலும் உடல் பயன்பாட்டிலும் வீணாவதற்குக் கொஞ்சம் என்று கூட்டினால் கணக்கு 3.5 முதல் 4 கிராமில் வந்து நிற்கிறது. ஐரோப்பியக் குழந்தைகள் இரைப்பைக் குடல் மற்றும் ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பகான் 2022-இல் வெளியிட்ட பரிந்துரையும் இதையே சொல்கிறது: வாய் அல்லது டியூப் வழியாக உணவு பெறும் மிகக் குறைமாதக் குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 3.5 முதல் 4 கிராம் புரதம். வளர்ச்சி மந்தமாக இருந்து, வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் 4.5 கிராம் வரை போகலாம். நிறைமாதக் குழந்தைக்கு இதில் பாதிகூடத் தேவையில்லை.

இனி தாய்ப்பாலுக்கு வருவோம். குறைமாதத்தில் பிரசவித்த தாயின் பாலில் முதல் சில நாட்களில் புரதம் கூடுதலாகவே இருக்கும். 100 மில்லிக்கு 2 கிராம் அல்லது அதற்கு மேலும் இருக்கலாம். ஆனால் வாரத்துக்கு வாரம் அது இறங்குகிறது. நான்காவது வாரம் நெருங்கும்போது 1.2 கிராம், பிறகு 1 கிராம் என்ற அளவுக்கு வந்துவிடும். தாய்ப்பால் வங்கியிலிருந்து வரும் பால் பெரும்பாலும் நிறைமாதத்தில் பிரசவித்துச் சில மாதங்கள் ஆன தாய்மார் தானமாகக் கொடுத்தது. அதில் 100 மில்லிக்கு 0.9 கிராம் அளவுதான் புரதம் இருக்கும். போதாக்குறைக்கு, உறையவைத்து, பதப்படுத்தி, பாத்திரம் மாற்றி, டியூபில் செலுத்தும் ஒவ்வொரு கட்டத்திலும் கொழுப்பு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு கலோரியும் குறைகிறது. இதற்கெல்லாம் தாய் பொறுப்பில்லை. நிறைமாதக் குழந்தை மார்பில் வாய் வைத்துக் குடிப்பதற்காக உருவான உணவை, கருப்பைக்குள் இருந்திருக்க வேண்டிய ஓர் உயிருக்குக் கொடுக்கிறோம் என்பதால் வரும் பற்றாக்குறை இது. அந்தப் பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருட்களையும் குடலைப் பாதுகாக்கும் கூறுகளையும் எந்த டப்பா பாலும் தர முடியாது. அதனால்தான் பாலை மாற்றாமல், பாலின் மேல் சேர்க்கிறோம்.

உங்கள் குழந்தையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1,200 கிராம் எடைக்கு, கிலோவுக்கு 160 மில்லி வீதம், நாளொன்றுக்கு 192 மில்லி. அதாவது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 16 மில்லி. வழக்கமான ஃபோர்டிஃபையர் 100 மில்லி பாலுக்கு ஏறத்தாழ 1 கிராம் புரதத்தைக் கூட்டுகிறது (தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும், பாக்கெட்டின் பின்புறம் படித்துப் பார்க்க வேண்டும்). இந்தத் தூள்களை வடிவமைத்தவர்கள் பாலில் 100 மில்லிக்கு 1.5 கிராம் புரதம் இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். அப்படியானால் 100 மில்லிக்கு 2.5 கிராம், கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 கிராம். ஷீட்டில் எழுதும்போது இந்த எண்தான் வரும். ஆனால் மூன்றாம், நான்காம் வாரத்துப் பாலில் 1.2 கிராம்தான் இருக்கிறதென்றால் குழந்தைக்குப் போவது 3.5 கிராம். தானமாக வந்த பால் என்றால் 3 கிராம். வயிறு உப்புசம், பால் எதுக்களித்தல், ரத்தம் ஏற்றுதல், இதயத்தில் மூடாத நாளம் என்று ஏதாவது ஒரு காரணத்துக்காகப் பாலின் அளவை 140 மில்லிக்குக் குறைத்துவிட்டால், தானப் பால் குடிக்கும் குழந்தைக்கு 2.7 கிராம்கூடப் போகவில்லை. தூள் ஒன்றுதான், பாக்கெட் எண்ணிக்கையும் ஒன்றுதான், ஷீட்டில் எழுதியதும் ஒன்றுதான். ஆனால் ஒரு குழந்தை வளர்கிறது, அடுத்த இன்குபேட்டரில் இருக்கும் குழந்தை வளர்வதில்லை. பல வார்டுகளில் “தூள் கலந்தும் எடை ஏறவில்லை” என்று சொல்லப்படுவதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் குறை பிறந்த முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. இங்கிலாந்தின் நியூகாசில் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 30 வாரமோ அதற்குக் குறைவோ ஆன குழந்தைகள், அன்றைய நடைமுறைப்படி உணவு பெற்று, முதல் வார முடிவிலேயே கிலோவுக்கு 14 கிராம் புரதம் பின்தங்கியிருந்தார்கள். ஐந்தாவது வார முடிவில் அது 23 கிராமாக வளர்ந்திருந்தது. அப்போதெல்லாம் அமினோ அமிலத் திரவத்தை இரண்டு மூன்று நாள் தள்ளி, கிலோவுக்கு அரை கிராமில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் தாங்காது என்ற பயம். பிறந்த முதல் நாளிலேயே கிலோவுக்கு 2 கிராமுக்கு மேல் கொடுத்தாலும் உடல் அதைத் திசு கட்டப் பயன்படுத்துகிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டிய பிறகு நடைமுறை மாறியது. இன்றைய ஐரோப்பியப் பரிந்துரை முதல் நாளிலேயே குறைந்தது 1.5 கிராம், இரண்டாம் நாளிலிருந்து 2.5 முதல் 3.5 கிராம் என்கிறது. உங்கள் மகளுக்கு முதல் பத்து நாட்களில் ரத்தக்குழாய் வழியாக டிபிஎன் என்ற பெயரில் ஏற்றியிருந்தால், அதில் இந்த அமினோ அமிலங்கள் இருந்திருக்கும். டிபிஎன்னை நிறுத்திவிட்டு முழுப் பாலுக்கு மாறும் அந்த நாலைந்து நாட்கள் தனிக் கவனம் வேண்டியவை. ட்ரிப்ஸ் குறைந்துவிட்டிருக்கும், பாலில் தூள் இன்னும் ஆரம்பித்திருக்காது. இரண்டுக்கும் நடுவில் குழந்தைக்குக் கிலோவுக்கு 2 கிராம் புரதம்கூடக் கிடைக்காத நாட்கள் யாருக்கும் தெரியாமலே கடந்துபோய்விடும்.

புரதத்தைப் பற்றிப் பேசும்போது கலோரியை விட்டுவிட முடியாது. 2022-ஆம் ஆண்டுப் பரிந்துரை நாளொன்றுக்குக் கிலோவுக்கு 115 முதல் 140 கலோரி என்கிறது. 100 கலோரிக்கு 2.8 முதல் 3.6 கிராம் புரதம் என்ற விகிதத்தையும் சொல்கிறது. விறகு இல்லாத வீட்டில் உத்தரத்தை வெட்டி அடுப்பெரிப்பது போல, கலோரி பற்றாத குழந்தை கொடுத்த புரதத்தையே எரித்துவிடுகிறது. அப்போது ரத்தத்தில் புரதம் எரிந்த கழிவான யூரியா ஏறும், எடை ஏறாது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: புரதம் குறைவாகவும் கலோரி தாராளமாகவும் இருந்தால் எடை ஏறும், ஆனால் ஏறுவது கொழுப்பு. பிரசவ நாள் குறித்திருந்த தேதியை எட்டும்போது, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் உடலில் நிறைமாதக் குழந்தைகளைவிடத் தசை குறைவாகவும் கொழுப்பின் விகிதம் கூடுதலாகவும் இருப்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. எடை ஏறவில்லை என்றதும் பாலில் தேங்காய் எண்ணெய் அல்லது எளிதில் செரிக்கும் கொழுப்பான எம்சிடி எண்ணெய் சொட்டு விடும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது தராசில் எண்ணைக் கூட்டிக் காட்டும். புரதப் பற்றாக்குறையை அது தீர்க்காது என்பதை நினைவில் வையுங்கள்.

தனியாகப் புரதம் சேர்ப்பதால் உண்மையிலேயே பலன் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். தாய்ப்பாலில் புரதத்தை மட்டும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வறிக்கை 2020-இல் புதுப்பிக்கப்பட்டது. அதில் கிடைத்தவை ஆறே சோதனைகள், மொத்தம் 204 குழந்தைகள். புரதம் சேர்த்த குழந்தைகள் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 3.82 கிராம் கூடுதலாக எடை கூடினார்கள்; நீளம் வாரத்துக்கு 0.12 சென்டிமீட்டரும், தலைச் சுற்றளவு 0.06 சென்டிமீட்டரும் கூடுதலாக வளர்ந்தன. பார்க்க அற்பமாகத் தெரியும் இந்த அளவுகள், எட்டு வாரம் மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்கு அற்பமானவை அல்ல. ஆனால் சோதனைகள் சிறியவை, பெரும்பாலும் பழையவை, சான்றின் வலிமை குறைவு என்று அந்த ஆசிரியர்களே சொல்லியிருக்கிறார்கள். ரத்த யூரியா கூடியதையும் பதிவு செய்திருக்கிறார்கள். பின்னாளில் அறிவு வளர்ச்சி எப்படியிருந்தது என்பது பற்றி அந்தத் தரவுகளிலிருந்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூளை வளர்ச்சிக்கான நம்பிக்கை வேறு வகை ஆய்வுகளிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் 1,000 கிராமும் அதற்குக் குறைவுமான குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் இருந்தபோது நாளொன்றுக்குக் கிலோவுக்கு 21 கிராம் அளவில் வளர்ந்த குழந்தைகளிடம், 12 கிராம் அளவில் வளர்ந்தவர்களைவிடப் பின்னாளில் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் குறைவாக இருந்தன. 2009-இல் வந்த இன்னோர் ஆய்வு, முதல் வாரத்தில் கிடைத்த புரதம் நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் கூடும்போது 18-ஆம் மாத அறிவு வளர்ச்சி மதிப்பெண் 8.2 புள்ளி கூடியிருப்பதாகக் கண்டது. இவை நடந்ததைக் கவனித்துப் பதிவு செய்த ஆய்வுகள், ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகள் அல்ல; உடல்நிலை தேறிய குழந்தைக்குத்தான் உணவும் அதிகம் போயிருக்கும் என்பதால், புரதம் மட்டுமே காரணம் என்று இவற்றை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் நன்மை என்ற எண்ணத்தை உடைத்த இரண்டு ஆய்வுகளை அவசியம் சொல்ல வேண்டும். முதலாவது 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்தது. குறை எடைக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குக் கிலோவுக்கு 3 முதல் 3.6 கிராம் புரதமும், இன்னொரு பகுதியினருக்கு 6 முதல் 7.2 கிராம் புரதமும் கிடைக்கும்படி பால் தயாரித்துக் கொடுத்தார்கள். அதிகம் பெற்றவர்களிடம் காய்ச்சலும் சோர்வும் பால் குடிக்காமையும் கூடுதலாகக் காணப்பட்டன. 1,300 கிராமுக்குக் கீழே பிறந்தவர்களைப் பிறகு பரிசோதித்தபோது மாறுகண்ணும் குறைந்த அறிவுத்திறன் மதிப்பெண்ணும் அவர்களிடமே அதிகமாக இருந்தன. அன்றைய பால் பசும்பாலின் கேசீன் என்ற புரதம் மிகுந்தது. இன்றைய தயாரிப்புகளில் உள்ள மோர்ப் புரதம் அதைவிட எளிதாகச் செரிக்கக் கூடியது என்பது உண்மைதான். ஆனாலும் வளர்ச்சியடையாத உடல் தாங்கும் எல்லை ஒன்று இருக்கிறது என்பதை அந்த ஆய்வு ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது.

இரண்டாவது, நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் எட்டு மருத்துவமனைகளில் நடந்து 2022-இல் முடிவு வெளியான புரோவைட் சோதனை. 1,000 கிராமுக்குக் கீழே பிறந்த 434 குழந்தைகளில் பாதிப் பேருக்கு, வழக்கமான ஊட்டத்தோடு கூடுதலாக நாளொன்றுக்கு 1 கிராம் அமினோ அமிலத்தை முதல் ஐந்து நாட்கள் தொப்புள் தமனி வழியாகக் கொடுத்தார்கள். இரண்டு வயதில் நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் கூடுதல் பெற்ற பக்கம் 47.8 சதவீதம், பெறாத பக்கம் 49.8 சதவீதம். பலன் இல்லை, அதோடு, மிதமான அல்லது கடுமையான குறைபாடும், சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மூடாத இதய நாளமும் கூடுதல் பெற்ற பக்கமே அதிகமாகத் தெரிந்தன. அமினோ அமிலம் திடீரென்று பெருகும்போது செல்கள் ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் இழுத்துக்கொள்வதால் அவை அபாயகரமாகக் குறையும் நிலை ஏற்படலாம் என்பதால், முதல் வாரத்தில் பாஸ்பேட்டைப் பார்க்காமல் புரதத்தை ஏற்றுவது பாதுகாப்பானதல்ல. நோயின் உச்சத்தில் இருக்கும் முதல் வாரக் குழந்தைக்கும், உடல்நிலை தேறி வளரத் தொடங்கிவிட்ட உங்கள் மகள் போன்ற நான்காம் வாரக் குழந்தைக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. புரோவைட் முடிவைக் காட்டி, வளரும் பருவத்துக் குழந்தைக்கு 3.5 கிராமைக்கூட மறுப்பது அந்த ஆய்வைத் தவறாகப் படிப்பதாகும்.

சிறுநீரகம் பற்றிய உங்கள் அச்சத்துக்கு இனி பதில் சொல்கிறேன். கிலோவுக்கு 4 கிராம் என்ற எல்லைக்குள் சிறுநீரகத்துக்கு நிலையான கேடு வருவதாகச் சான்று இல்லை. ரத்த யூரியா சற்று ஏறுவது புரதம் உடலுக்குள் போகிறது என்பதற்கான அடையாளம். அதையே நாம் அளவுகோலாகவும் பயன்படுத்தலாம். இத்தாலியின் மிலான் நகரில் செய்து 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு வழிகாட்டியது. வாரம் இரு முறை ரத்தத்தில் யூரியா நைட்ரஜனைப் பார்ப்பது; அது 9-க்குக் கீழே (100 மில்லி ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்) இருந்தால் புரதத்தை ஒரு படி ஏற்றுவது, 14-க்கு மேலே போனால் ஒரு படி இறக்குவது, நடுவில் இருந்தால் அப்படியே விடுவது. இப்படிச் சரிசெய்துகொண்டே போன குழந்தைகள் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 17.5 கிராம் வளர்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு என்ற முறையில் உணவு பெற்றவர்கள் 14.4 கிராம். சோதனை சிறியது, நாற்பதுக்கும் குறைவான குழந்தைகள்தான். ஆனால் பால் பகுப்பாய்வுக் கருவி இல்லாத மருத்துவமனையிலும் செய்யக்கூடியது என்பதால் நான் இதைப் பெரிதும் மதிக்கிறேன். தாய்ப்பாலின் புரதத்தைக் கருவியில் அளந்து, குறையும் அளவை மட்டும் சேர்க்கும் முறை இன்னும் துல்லியமானது. ஆனால் அந்தக் கருவி நம் நாட்டில் மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன 9, 14 என்பவை பியுஎன் எனப்படும் யூரியா நைட்ரஜனின் அளவு. நம் ஊர் ஆய்வகங்கள் பலவற்றில் ரிப்போர்ட் ‘பிளட் யூரியா’ என்றுதான் வரும். அது பியுஎன்னைப்போல் 2.14 மடங்கு இருக்கும். ஆகவே 9 முதல் 14 என்பது யூரியா ரிப்போர்ட்டில் ஏறத்தாழ 19 முதல் 30 ஆகும். யூரியா 24 என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து, 14-ஐத் தாண்டிவிட்டது என்று எண்ணிப் புரதத்தைக் குறைத்தால், சரியாக உண்டுகொண்டிருந்த குழந்தையின் வாயிலிருந்து பிடுங்கியது போலாகும். இன்னொன்று: பிறந்த முதல் இரண்டு வாரங்களில் யூரியா, புரத வரத்தைவிட நீர்ச்சத்துக் குறைவையும் சிறுநீரக முதிர்ச்சியையும்தான் அதிகம் காட்டும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் இறங்கி நிலைபெற்ற பிறகுதான் இந்த முறை பொருந்தும். ஸ்டீராய்டு மருந்து போகும் நாட்களிலும் யூரியாவை நம்பிப் புரதத்தைக் குறைக்கக் கூடாது; அந்த மருந்து திசுவைக் கரைப்பதால் யூரியா தானாகவே ஏறும்.

தனிப் புரதத் தூள் ஃபோர்டிஃபையருக்குப் பதிலாக வைக்கப்படுவது அல்ல. ஃபோர்டிஃபையரில் கால்சியம், பாஸ்பரஸ், சோடியம், துத்தநாகம் எல்லாம் இருக்கின்றன. எலும்பு வளர அவை வேண்டும். அதைக் கலந்தும் யூரியா குறைவாகவும் வளர்ச்சி மந்தமாகவும் இருந்தால், அதன் மேல் 100 மில்லிக்கு அரை கிராம் அளவில் புரதத்தைச் சேர்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2022-ஆம் ஆண்டுப் பரிந்துரையில், எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் ஃபோர்டிஃபையர் வேண்டியதில்லை, ஆனால் 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கோ 1.5 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்கோ பரிசீலிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் மகள் இரண்டு வரையறைக்குள்ளும் வருகிறாள்.

கலக்கும் முறையில்தான் அதிகத் தவறு நடக்கிறது. இதை நீங்கள் நேரிலேயே பார்க்கலாம். ஒரு கிராம் பாக்கெட்டை 25 மில்லி பாலில் கலக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பார்; உங்கள் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 16 மில்லிதான். பாக்கெட்டை முழுவதுமாக 16 மில்லியில் கொட்டினால் பால் அளவுக்கு மீறி அடர்ந்து குடலைத் துன்புறுத்தும். பாதியைக் கண்ணால் பார்த்துக் கொட்டினால் இன்று ஓர் அளவு, நாளை ஓர் அளவு. சரியான வழி, 25 மில்லியைச் சிரிஞ்சில் அளந்து எடுத்து, முழுப் பாக்கெட்டையும் அதில் கலந்து, அதிலிருந்து 16 மில்லியை எடுத்துக்கொண்டு மீதியைக் குளிரில் வைத்து அடுத்த வேளைக்குப் பயன்படுத்துவது. கலந்த பாலை நாள் முழுக்க வைத்திருக்கவும் கூடாது. தாய்ப்பாலில் உள்ள நொதிகள் தூளின் மாவுச்சத்தைச் சிதைப்பதால் நேரம் ஆக ஆக அதன் அடர்த்தி கூடும். தூள் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல என்பதும் முக்கியம். 2001-இல் அமெரிக்காவின் டென்னசியில், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் பால் பவுடரிலிருந்து பரவிய குரோனோபேக்டர் கிருமியால் ஒரு குழந்தை இறந்தது. அதன் பிறகு அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் திரவ வடிவ ஃபோர்டிஃபையருக்கு மாறின. தூளையே நம்பியிருக்கும் இடத்தில் கைகழுவுவதும், கொதிநீரில் சுத்தம் செய்த பாத்திரமும், திறந்த பாக்கெட்டை மீண்டும் மடித்து வைக்காமல் இருப்பதும் மருந்துக்கு நிகரானவை.

பசும்பால் புரதத்தால் குடல் அழுகல் நோய் வருமோ என்ற பயமும் பெற்றோரிடம் உண்டு. தாய்ப்பாலுக்கே பதிலாகப் பவுடர் பால் கொடுக்கும்போது அந்த நோயின் ஆபத்து கூடுவது உறுதியாகத் தெரிந்த ஒன்று. தாய்ப்பாலில் தூள் சேர்ப்பது வேறு. தாய்ப்பாலிலிருந்தே தயாரித்த விலையுயர்ந்த ஃபோர்டிஃபையரையும் பசும்பால் வழி ஃபோர்டிஃபையரையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட கனடா சோதனையில் (127 குழந்தைகள், 2018) பால் ஏற்றுக்கொள்வதில் வேறுபாடு தெரியவில்லை. சுவீடனில் 228 குழந்தைகளிடம் செய்து 2024-இல் வெளியான சோதனையிலும் குடல் அழுகல், ரத்தத்தில் கிருமி, இறப்பு ஆகியவை சேர்ந்த கணக்கு குறையவில்லை. ஆகவே விலை உயர்ந்ததை வாங்க முடியவில்லையே என்று நகையை அடகு வைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. வயிறு வீங்குதல், பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் தூளை மட்டுமல்ல, பாலையே நிறுத்திப் பார்ப்பார்கள். அது எந்தத் தயாரிப்பாக இருந்தாலும் பொருந்தும்.

வீட்டில் பெரியவர்கள் சொல்லும் பால் சுறாப் புட்டும் பூண்டும் முட்டையும் உங்கள் மனைவி தாராளமாகச் சாப்பிடட்டும். பிரசவித்த உடலுக்கு அவை வேண்டும். ஆனால் தாய் எவ்வளவு புரதம் உண்டாலும் பாலில் உள்ள புரதத்தின் செறிவு குறிப்பிடும்படி மாறாது. அதனால் குழந்தையின் எடை ஏறாததற்கு அவள் சாப்பாட்டைக் குறை சொல்ல யாரையும் விடாதீர்கள். கடையில் விற்கும் பெரியவர்களுக்கான புரத மாவை, எந்தப் பெயர் போட்டிருந்தாலும், குழந்தையின் பாலில் ஒரு சிட்டிகைகூடக் கலக்கக் கூடாது. அதன் அமினோ அமில விகிதமும் உப்பும் இனிப்பும் இந்த உடலுக்கானவை அல்ல.

வளர்ச்சியை எடையால் மட்டும் பார்க்க வேண்டாம். நீர் தேங்கினாலும் எடை ஏறும், கொழுப்பு சேர்ந்தாலும் ஏறும்; நீளம் மட்டும் புரதமும் தாதுக்களும் போய்ச் சேராமல் வளராது. நீளம் வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவிலும் தலைச் சுற்றளவு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் ஏற வேண்டும். டேப்பை முதுகில் வைத்து அளப்பது நீளம் ஆகாது. தலையை ஒருவர் பிடித்து, கால்களை இன்னொருவர் நீட்டி, பலகையில் வைத்து அளக்க வேண்டும். நாளை ரவுண்ட்ஸ் வரும்போது மருத்துவரிடம் மூன்று விஷயங்களைப் பணிவாகக் கேளுங்கள்: இப்போது பால் கிலோவுக்கு எத்தனை மில்லி போகிறது, அதில் எவ்வளவு தாயின் பால், எவ்வளவு வங்கிப் பால், கடைசியாகப் பார்த்த யூரியா எவ்வளவு, அது பியுஎன்னா, யூரியாவா. இந்த மூன்றும் தெரிந்தால், தனிப் புரதம் இப்போது தேவையா என்ற கேள்விக்கு அவர்களே உங்களுக்கு எண்ணோடு பதில் சொல்லிவிடுவார்கள். பால் 140 மில்லியில் நின்றிருந்தால், புரதம் சேர்ப்பதற்கு முன் 160-க்கு ஏற்ற முடியுமா என்று பார்ப்பதே முதல் படி. மகளை நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பும் இதில் சேரும். உடல் சூடு காக்கக் குழந்தை செலவழிக்கும் கலோரி மிச்சமாகி வளர்ச்சிக்குப் போகிறது, தாய்க்குப் பாலும் கூடுகிறது.

பெரும்பாலான இடங்களில் 1.8 முதல் 2 கிலோ வரை, அல்லது வீட்டுக்கு அனுப்பும் வரை ஃபோர்டிஃபையர் தொடரும். டியூபிலிருந்து பாலாடைக்கும், பாலாடையிலிருந்து மார்புக்கும் குழந்தை நகரும்போது தூள் கலந்த வேளைகள் தானாகக் குறையும். மார்பில் குடிக்கும் வேளையில் எதையும் கலக்க முடியாது, கலக்கவும் வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது எடை வளர்ச்சி வரைபடத்தில் மிகவும் பின்தங்கியிருந்தால், நாளில் இரண்டு மூன்று வேளை மட்டும் பிழிந்த பாலில் கலந்து பாலாடையில் கொடுக்கச் சொல்வார்கள். அந்தச் சீட்டில் எத்தனை மில்லிக்கு எத்தனை பாக்கெட், எந்தத் தேதி வரை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வாரம் ஒரு முறை, முடிந்தவரை அதே எடைக் கருவியில், உடையில்லாமல் எடை பார்த்துக் குறித்து வாருங்கள். நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறி, நீளமும் தலையும் கூடவே வந்துகொண்டிருந்தால், மருத்துவர் தூளை நிறுத்தச் சொல்லும் நாளில் தயக்கமில்லாமல் நிறுத்திவிடலாம்.